செய்கிறவரும் செய்து வைக்கிறவரும்

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் சொல் கலியாண வீட்டுச் சொல். 'நடத்தி வைத்தல்', 'செய்து வைத்தல்', 'பண்ணி வைத்தல்' என்று ஊருக்கு ஊர் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். "வாத்தியார் பண்ணி வைத்தார்", "தலைவர் நடத்தி வைத்தார்", "பெரியப்பா முன்னின்று செய்து வைத்தார்" என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கலசப்பாக்கத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

கடிதம் எழுதிய அம்மாள் ஆரணிப் பட்டு வட்டாரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணவர் காலமாகிப் பதினோரு வருஷமாகிறது. தறியில் தாமே உட்கார்ந்து மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியிருக்கிறார். இப்போது மகளுக்கு வரன் நிச்சயமாகிவிட்டது. "கலியாணத்தை நான்தான் நடத்தி வைக்கிறேன். பத்திரிகை என் பேரில்தான் இருக்க வேண்டும். நீங்கள் மணையில் முன்னால் வந்து நிற்கக் கூடாது" என்கிறாராம் கொழுந்தனார். பெண்ணோ, "அம்மா நிற்காத பந்தலில் நானும் நிற்க மாட்டேன்" என்கிறாளாம். அந்த அம்மாள் சண்டை ஒன்றும் போடவில்லை. அடக்கமாக ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறார். "ஊரார் கலியாணத்துக்கெல்லாம் எத்தனையோ கூறைப்புடவை நெய்து கொடுத்திருக்கிறேன். 'நடத்தி வைப்பது' என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் பக்கத்தில் எழுத முடியுமா?"

எழுதாமல் இருக்கலாமா? முதலில் சமையலறைக்குள் போவோம், வாருங்கள்.

"அரிசியைக் களைந்து வை", "பாலுக்கு உறை ஊற்றி வை", "குடத்தில் தண்ணீர் பிடித்து வை" என்கிறோம். இங்கெல்லாம் 'வை' என்பது அலமாரியில் வைப்பதல்ல. ஒரு காரியத்தை இப்போதே செய்து, அதன் பலனைப் பிற்பாடு உதவும்படி நிறுத்திவிடுவது. உறை ஊற்றுகிற வேலை இரவில் ஒரு நிமிஷம். தயிர் கிடைப்பது மறுநாள் காலையில். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். 'செய்து வை' என்பதன் சாரம் இதுதான். வேலை ஒருவருடையது. பலன் நிலைத்து நிற்கிறது. அது பெரும்பாலும் மற்றவர்களுக்கே போய்ச் சேருகிறது.

இதே 'வை'க்கு ஒரு குறும்பும் உண்டு. "சம்பந்தி வீட்டார் முன்னால் எதையோ உளறி வைத்தான்" என்கிறோம் அல்லவா? உளறியது ஒரு வினாடிதான். விளைவு மட்டும் நிலைத்து நின்றுவிட்டது. குடும்பமே அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது!

ஆகவே, "பெரியவர் கலியாணத்தைச் செய்து வைத்தார்" என்றால், அவர் ஒரு நாள் நின்று செய்த காரியத்தின் பலன் தம்பதிகளிடம் ஆயுள் முழுதும் தங்குகிறது என்று பொருள். அவருக்கு அதில் பங்கு இல்லை. தயிர் சாப்பிடுவது வேறு ஆள்.

செய்தித்தாளிலும் இதைப் பார்க்கலாம். புதிய மந்திரிசபை ஏற்கும்போது, "கவர்னர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார், முதலமைச்சர் பிரமாணம் எடுத்துக்கொண்டார்" என்று எழுதுகிறார்கள். பிரமாணம் யாருடையது? முதலமைச்சருடையது. கவர்னர் முன் நின்று எடுத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ராஷ்டிரபதி பதவியேற்கும்போது சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி அப்படிச் செய்து வைக்கிறார். அதனால் அவர் ராஷ்டிரபதி ஆகிவிடுவதில்லை!

'புரோகிதர்' என்ற சம்ஸ்கிருதச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'புரஸ்' என்றால் முன்னால். 'ஹித' என்றால் வைக்கப்பட்டவர். முன்னால் வைக்கப்பட்டவர் என்பதே அதன் பொருள். யார் வைத்தார்கள்? கிருகஸ்தர், அதாவது வீட்டுக்கு உரியவர். நம்முடைய 'முன்னின்று நடத்துதல்' என்ற தொடரும் அதே கருத்தை அழகாகச் சொல்கிறது. முன் நிற்பவர் காரியத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். சொந்தக்காரர் அழைத்துவந்து நிறுத்தியவர்.

கலசப்பாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரதசப்தமியன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் அவர்கள் ஊர்ச் செய்யாற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். உள்ளூர்த் திருமாமுடீசுவரர் எதிர்கொண்டு அழைக்கிறார். அதே அண்ணாமலையார் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டுக்குப் போகிறார். எதற்குத் தெரியுமா? 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்க. பிள்ளையில்லாத அந்த அரசனுக்குச் சுவாமியே பிள்ளையாக வந்தார் என்பது ஐதிகம். ஆகவே வருஷம் தவறாமல் மகன் செய்ய வேண்டிய கடனைச் செய்கிறார். சடங்குகளைச் செய்து வைப்பவர்கள் சிவாசாரியார்கள். திதியைச் 'செய்கிறவர்' சுவாமி! சாட்சாத் பரமேசுவரனுக்கே செய்து வைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் "சிவாசாரியார் வல்லாளனுக்குத் திதி கொடுத்தார்" என்று அந்த ஊரில் யாராவது சொல்வார்களா?

இனி இலக்கணத்தின் நுட்பமான இடத்துக்கு வருவோம். கலியாணத்துக்கு நாம் மூன்று துணைச் சொற்களைச் சேர்க்கிறோம். 'கொள்', 'கொடு', 'வை'.

"அவள் கலியாணம் செய்துகொண்டாள்" என்றால் காரியம் அவளுடையது.

"அவளைக் கலியாணம் செய்து கொடுத்தார்கள்" என்றால் காரியம் பெற்றவர்களுடையது. பெண் கை மாறுகிறாள். 'தாரை வார்த்துக் கொடுத்தல்' என்பதும் இந்த இனம்தான்.

"அவளுக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள்" என்றால் நடுவில் நின்றவர்கள் ஏற்பாடு செய்து முடித்தார்கள். பலன் அவளுக்கு.

நாலாவதாகவும் ஒன்று இருக்கிறது. அதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம். 'செய்து வைத்தார்கள்' என்பதில் ஒரே எழுத்தை மாற்றி, 'செய்ய வைத்தார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அழ வைத்தார்கள், காத்திருக்க வைத்தார்கள் என்பது போல ஆகிவிடுகிறது. உபகாரமாக இருந்தது பலாத்காரமாகிவிட்டது. பெரியவர்களுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஓர் எழுத்துத்தான்.

சரி, கலியாணத்தைச் 'செய்கிறவர்' யார்? வெவ்வேறு மதத்தாரும் ஒரே பதிலைச் சொல்வது ஆச்சரியமாக இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீன் மரபில், திருமணம் என்னும் அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்பவர்கள் மணமக்களே. பாதிரியார் திருச்சபையின் பெயரால் நிற்கும் சாட்சி. இஸ்லாமிய நிக்காஹில் ஒரு தரப்பு முன்மொழிவதும் மறு தரப்பு ஏற்பதும் சாட்சிகளும்தான் உயிர்நாடி. காஜியார் இருந்து ஓதுவது வழக்கம்.

நம் பழைய இலக்கியம் என்ன சொல்கிறது? அகநானூற்றில் 86-ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது, ஒரு கலியாணத்தை அப்படியே படம் பிடித்துக் காட்டுகிறது. உளுந்து சேர்ந்த பொங்கல், பந்தலில் புது மணல், விளக்கு, விடியற்கால வேளை எல்லாம் உண்டு. தீ வலம் வருவதும் இல்லை, மந்திரம் ஓதுபவரும் இல்லை. தலையில் குடமும் கையில் புது மொந்தையுமாக வயது முதிர்ந்த பெண்கள் முறைப்படி எடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண்ணின் கூந்தலில் பெய்து வாழ்த்துகிறார்கள். பிற்பாடு வந்த சிலப்பதிகாரத்தில்தான் முதுபார்ப்பான் மறைவழி காட்டிட, கண்ணகியும் கோவலனும் தீயை வலம் வருகிறார்கள். கைம்பெண் முன் நிற்கலாமா என்பதற்கு அகநானூற்றுப் பாட்டில் விடை கிடையாது. அதை நான் அதன் மேல் ஏற்றப் போவதும் இல்லை. ஆனால் முன்னின்று நடத்துவது ஆண்களின் பாத்தியதை என்று யாராவது சொன்னால், அந்தப் பாட்டைக் காட்டிப் புன்னகை செய்யலாம்.

கொங்கு நாட்டில் இன்றும் அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் கலியாணச் சீர்களை முன்னின்று செய்கிறார். பெண்களுக்கான சீர்களுக்கு அருமைக்காரி இருக்கிறார். இருவரும் குடும்பஸ்தர்களே. நம் வீடுகளில் வளைகாப்பையும் நலங்கையும் யார் நடத்தி வைக்கிறார்கள்? பாட்டியும் அத்தையும்தானே!

இப்போது சட்டத்துக்கு வருவோம். இது அந்த அம்மாளுக்கு மட்டுமல்ல, கலியாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய சமாசாரம்.

1928 முதல் தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்து வந்தன. தலைவர் ஒருவர் 'நடத்தி வைப்பார்'. மணமக்கள் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். ஆனால் 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனைவி என்று வாழ்ந்தவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன கதி என்ற கேள்வி எழுந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும்படி செய்யப்பட்டது.

அந்தப் பிரிவு என்ன கேட்கிறது? உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரிகிற பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றலாம். அல்லது மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். அவ்வளவுதான். நடத்தி வைப்பவர் என்று ஒருவரைச் சட்டம் கேட்கவே இல்லை! பார்த்திருப்பவர் இருந்தால் போதும். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்தினால்தான் அத்தகைய திருமணம் செல்லும் என்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

பழைய முறைப்படி செய்தால்? 2024-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், இந்துத் திருமணச் சட்டப்படி கன்னிகாதானம் அத்தியாவசியமான சடங்கு அல்ல என்று சொல்லியிருக்கிறது. 'செய்து கொடுத்தல்' இல்லாவிட்டாலும் 'செய்துகொள்ளுதல்' நிற்கும் என்று நம் பாஷையில் சொல்லலாம். அதே 2024-இல் சுப்ரீம் கோர்ட்டு மற்றொன்றையும் நினைவூட்டியது. சடங்கு ஏதும் இல்லாமல் வெறும் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது. ஆகவே சடங்கையும் விடாதீர்கள், பதிவையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லா மதத்தாருக்கும் திருமணப் பதிவு கட்டாயம்.

பெண்ணுக்கு அனுமதி தர வேண்டியவர் யார் என்ற கேள்வியும் உண்டு. 1955-இல் வந்த சட்டத்தில், பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு யார் யார் சம்மதம் தரலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. முதலில் தகப்பனார், அடுத்துத் தாயார், பிறகு மற்றவர்கள். சித்தப்பாவுக்குத் தாயாரைவிட முன்னுரிமை அப்போதுகூட இல்லை! 1978-இல் பெண்ணின் வயது 18 என்றும் ஆணின் வயது 21 என்றும் உயர்த்தியபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் இன்று சம்மதம் இரண்டே பேருடையது.

'நடத்தி வைக்கிறேன்' என்று மார் தட்டுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சொல்லுக்குப் பெருமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு. 2006-ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அத்தகைய திருமணத்தை நடத்துபவர், நடத்தச் சொல்பவர், உடந்தையாக இருப்பவர் எவருக்கும் இரண்டு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மணையில் உட்கார்ந்து மந்திரம் சொன்னவரும், மேடையில் மாலை எடுத்துக் கொடுத்தவரும் "எனக்கென்ன தெரியும்?" என்று நழுவ முடியாது. பெண்ணின் வயதைக் கேட்பது முன் நிற்பவரின் முதல் கடமை.

"சட்டம் இருக்கட்டும். கணவனை இழந்தவள் முன்னால் வரலாமா என்று ஊர் கேட்கிறதே!" என்பீர்கள். ஊர் கேட்பதுதான். கேட்டதற்கெல்லாம் காலம் பதில் சொல்லிக்கொண்டு வருகிறது. 2022 மே மாதத்தில் மகாராஷ்டிரத்தில் கோல்ஹாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஹேர்வாட் என்ற கிராமத்துப் பஞ்சாயத்து, கைம்பெண்களின் வளையலை உடைப்பது முதலிய வழக்கங்களை விட்டுவிடுவதாகத் தீர்மானம் போட்டது. 2023 ஆகஸ்டில் நம் சென்னை உயர்நீதிமன்றமே, ஈரோடு ஜில்லாவில் ஒரு கோயிலுக்குள் கணவரை இழந்த பெண்ணை வரவிடாமல் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னது. தெய்வத்தின் சந்நிதிக்கே தடையில்லை என்றால், பெற்ற பெண்ணின் மணையருகே என்ன தடை?

அதற்காகக் கொழுந்தனாரைத் தூக்கி எறிந்து பேச வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மண்டபம் பார்ப்பதும், மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதும், சம்பந்திகளோடு பேசுவதும் அவர்தானே! அந்த உழைப்புக்கு மரியாதை வேண்டும். அந்த மரியாதையைத் தருவதற்கும் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. 'நடத்தி வைக்க' என்பதை 'நடத்தித் தர' என்று மாற்றிவிடுங்கள்.

வித்தியாசம் என்ன? தொல்காப்பியர் ஒரு நயமான கணக்குச் சொல்கிறார். ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது, தாழ்ந்தவர் 'ஈ' என்பார். ஒத்தவர் 'தா' என்பார். உயர்ந்தவர் 'கொடு' என்பார். 'தா' என்பது சமமானவர்கள் பேசும் சொல். "நடத்தித் தாருங்கள்" என்று கேட்பவர் கெஞ்சவும் இல்லை, அதிகாரம் செய்யவும் இல்லை. காரியம் என்னுடையது, கை கொடுப்பது நீங்கள் என்கிறார். உதவி செய்பவரும் தலை நிமிர்ந்து நிற்கலாம். உதவி பெறுபவரும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

ஆகவே கலசப்பாக்கம் சகோதரிக்கு நம் யோசனை இதுதான். பத்திரிகையை உங்கள் பெயரிலேயே அச்சிடுங்கள். "நிகழும் மங்களகரமான இன்ன தேதியில் என் குமாரத்தியின் திருமணத்தை என் கொழுந்தனார் அவர்கள் முன்னின்று நடத்தித் தர, பெரியோர்கள் நிச்சயித்திருக்கிறபடியால், தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். அழைப்பவர் தாயார். முன் நிற்பவர் சிற்றப்பா. கலியாணம் செய்துகொள்பவள் பெண். அவரவர் இடத்தில் அவரவர். தாலி முடிந்ததும் முதலில் அட்சதை போடுவது உங்கள் கையாக இருக்கட்டும். வாத்தியாரிடமோ பெரியவரிடமோ ஒரு வாரம் முன்னாடியே இதைச் சொல்லிவிடுங்கள். முகூர்த்த வேளையில் முணுமுணுப்புக்கு இடம் வைக்க வேண்டாம். அவர் மறுத்தால் வேறு ஒருவரைப் பார்க்கலாம். முன்னால் நிறுத்துவது நீங்கள்தானே!

பெண்களே நடத்தி வைக்கும் காலமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. புனாவில் ஞானப் பிரபோதினி என்ற நிறுவனம் பெண்களுக்குப் புரோகிதம் கற்றுக்கொடுக்கிறது. அவர்கள் கலியாணங்களை நடத்துகிறார்கள். 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண்மணி முதல் முறையாகப் பிஷப் ஆனார். 2023-இல் தமிழ்நாடு அரசின் அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் முடித்தார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வந்தால் மண்டபம் எது, விருந்து எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால், அதிலுள்ள வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள். கொள்கிறார்களா, கொடுக்கிறார்களா, வைக்கிறார்களா, தருகிறார்களா? அந்த வீட்டில் பெண்ணுக்கும் தாயாருக்கும் என்ன இடம் என்பது அந்தச் சிறு சொல்லில் தெரிந்துவிடும். உங்கள் ஊரில் சடங்குகளை முன்னின்று நடத்துபவருக்கு என்ன பெயர், நடத்துவதற்கு என்ன சொல் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். நல்ல சொற்களை இன்னொரு வாரம் எல்லோருமாகப் பார்க்கலாம்.